பிரசிடெண்டின் குரல் கேட்கிற வீடுகள்

நெடுங்கரம்பை இப்போது ஊர் இல்லை, நகராட்சியின் முப்பத்தி நாலாவது வார்டு. பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயரை அழித்துவிட்டு நம்பர் எழுதியிருக்கிறார்கள், எழுதினவன் நாலை ஒழுங்காகப் போடவில்லை, பஸ்ஸிலிருந்து பார்த்தால் முப்பத்தி ஒன்பது மாதிரி இருக்கும். அது ஊராக இருந்தபோது என் அம்மா தையல்நாயகி அதற்கு பிரசிடெண்ட். ஊராட்சி மன்றத் தலைவர் என்று போர்டில் இருக்கும், யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், பிரசிடெண்ட் என்றுதான் சொல்வார்கள், அவள் முகத்துக்கு நேராகவும் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னாலும் சொல்வார்கள், இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. அவள் பதவிக்கு வந்த இரண்டாம் வருடம் குடியரசு தினத்தன்று நடந்த கிராம சபையில், ஊரில் கொஞ்சம் பேருக்கு அவள் குரல் கேட்காமல் போனது. இதை நம்புவதா வேண்டாமா என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டு, பந்தலுக்கு வெளியே இரண்டு பக்கமும் கூம்பு ஸ்பீக்கர் கட்டி, அம்மா மைக்கைப் பிடித்துக் குடிதண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். கொஞ்சம் பேர் மைக் வேலை செய்யவில்லை என்று கையைக் காட்டினார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் நல்லாத்தானே கேக்குது என்றார்கள், மைக்செட்டுக்காரர் வயரை மாற்றினார், மைக்கை மாற்றினார், கடைசியில் ஆம்ப்ளிஃபையரையே மாற்றினார், அப்போதும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்த புருஷன் பெண்டாட்டியில் பெண்டாட்டிக்குக் கேட்டது, புருஷனுக்குக் கேட்கவில்லை. அதே மைக்கில் கிளார்க் பேசினால் எல்லாருக்கும் கேட்டது. ஹெட்மாஸ்டர் பேசினால் தேவைக்கு மேலேயே கேட்டது. இப்படி ஒன்று நடந்தால் ஊரே கூடி ஆராய்ச்சி பண்ணும் என்று நினைப்பீர்கள். பண்ணவில்லை. டீயும் பன்னும் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு வாரத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அம்மாவைப் பிடித்தவர்களுக்குக் கேட்டது, பிடிக்காதவர்களுக்குக் கேட்கவில்லை. பிடிக்காமல் போனால் அந்த நிமிஷமே நின்றது, மறுபடி பிடித்தால் மறுபடி வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு அம்மாவைப் பற்றி எந்த எண்ணமும் இல்லாததால் எப்போதும் கேட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டில் என்ன பேசுகிறார்களோ அதன்படி. எழுதிக் காட்டலாமே என்பீர்கள். அதையும் அம்மா செய்தாள், ஆபீஸ் வாசலில் கரும்பலகை வைத்துத் தினமும் எழுதினாள், சுவரில் ஒட்டியிருக்கும் மூலநோய் டாக்டர் விளம்பரத்தை எப்படிப் படிப்பார்களோ அப்படிப் படித்துவிட்டுப் போனார்கள்.

உண்மையைச் சொன்னால் முதலில் கேட்காமல் போனது என் அப்பாவுக்குத்தான், குடியரசு தினத்துக்கு ஒரு வருடம் முன்பே. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் கேட்டபோதும் அவர் கேட்டதில்லை. தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவித்ததும் போஸ்டரில் 'செல்வராசு மனைவி தையல்நாயகி' என்று போட்டு, அம்மா படத்தைவிடத் தன் படத்தைப் பெரிதாகப் போட்டவர் அவர். ஜெயித்த அன்றைக்கு மாலையோடு போய் பிரசிடெண்ட் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து ஊர்களில் எல்லாம் அப்படித்தான், பெண்டாட்டி கையெழுத்துப் போடும், புருஷன் உட்காருவார். அம்மா அவர் முன்னால் போய் ஒன்றும் பேசாமல் நின்றாள். இருபது நிமிஷம் நின்றாள். எழுந்துவிட்டார். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காது. அம்மா சாப்பிட வரச் சொன்னால் நான்தான் அப்பாவிடம் சொல்லவேண்டும். வரேன்னு சொல்லு என்று அப்பா என்னிடம் சொல்வார். அம்மாவின் காது நன்றாகத்தான் இருக்கிறது, நேரிலேயே சொல்லலாம் என்றால் முறைப்பார்.

ஊர் இதை எப்படிச் சமாளித்தது என்றால், ரொம்ப சுலபமாக. கேட்கிற வீடு, கேட்காத வீடு என்று பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தம் பேசப் போனால் பெண் வீட்டில் கேட்குமா என்று விசாரித்தார்கள், ஒரு வீட்டில் கேட்டு ஒரு வீட்டில் கேட்காவிட்டால் நல்லநாள் பெரியநாளில் பேச்சு வளரும் என்று பயம். கேட்கிற வீட்டுக்காரர்கள் பாடு இன்னும் மோசம், உனக்கு மட்டும் எப்படிக் கேக்குது, பிரசிடெண்ட் உனக்கு என்ன செஞ்சு கொடுத்துச்சு என்று பிடுங்கி எடுத்ததால், கேட்டாலும் கேட்காத மாதிரி நடந்தார்கள். கேட்காதவர்களோ சான்றிதழில் கையெழுத்து வேண்டும் என்றால் கேட்கிற மாதிரி தலையாட்டினார்கள். கிளார்க் இருதயராஜ் அப்படித்தான். ஒருநாள் அம்மா அவரைப் பார்த்து, உங்க வேட்டியில தேள் ஏறுது சார் என்று சொல்லிப் பார்த்தாள். "சரிங்கம்மா, நோட்டுல ஏத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

நான் ப்ளஸ் ஒன்னோடு நின்றவள். பெயர் திவ்யபாரதி. நின்றதற்குக் காரணம் கெமிஸ்ட்ரி, அதற்கு மேல் கதை இல்லை. வேலை இல்லாமல் இருந்ததால் அம்மா பேசுவதை ஊருக்குத் திரும்பச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. அவள் ஒரு வரி பேசி நிறுத்துவாள், நான் கத்திச் சொல்வேன், அவள் அடுத்த வரி பேசுவாள். உள்ளதை உள்ளபடி சொன்னேன், அந்த ஒரு மாதத்தில் பதினாலு வீட்டில் கேட்காமல் போனது. பிறகு கொஞ்சம் சர்க்கரை போட்டுச் சொல்லக் கற்றுக்கொண்டேன். அம்மா 'இந்த மனுசனுக்கு வெட்கமே கிடையாதா' என்றால், பிரசிடெண்ட் யோசிச்சுச் சொல்றேன்னு சொல்றாங்க என்பேன்.

எத்தனை வீட்டில் கேட்கிறது என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் மாதம் ஒருமுறை ஒரு ரூல் போடாத நோட்டை எடுத்துக்கொண்டு முந்நூற்றுப் பதினெட்டு வீட்டுக்கும் போய், எங்கம்மா கொரலு கேக்குதா, எப்போலேர்ந்து கேக்கலை, ஏன் என்று கேட்டு எழுதினேன். முதல் மாதம் இருநூற்று நாற்பத்தி ஏழு வீடு. பிறகு நூற்றுத் தொண்ணூறு. பிறகு நூற்றுப் பன்னிரண்டு.

காரணங்களை எல்லாம் எழுதினால் இந்த இடம் போதாது. தெருக்குழாயை எங்கள் வாசலில் வைக்கவில்லை என்று ஒரு வீடு, வாசலில் வைத்ததால் ஊரே வந்து நின்று சண்டை போடுகிறது என்று அதற்கு அடுத்த வீடு. சாவுக்கு வரவில்லை என்றார்கள், வந்தாள் ஆனால் உட்காரவில்லை என்றார்கள், உட்கார்ந்தாள் ஆனால் சேரில் உட்கார்ந்தாள் என்றார்கள். சிமெண்ட் ரோடு எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னாலேயே நின்றுவிட்டது. புதுப்புடவை கட்டுகிறாள், எங்கிருந்து வந்தது. பழைய புடவை கட்டி நடிக்கிறாள். வாய்க்காலை மறித்துக் கட்டிய கொட்டகையை இடித்தாள். எதிர்வீட்டுக் கொட்டகையை இடிக்கவில்லை, அங்கே கொட்டகையே கிடையாது, கட்டியிருந்தால் இடித்திருக்க மாட்டாள் என்பது அவர்கள் பேச்சு. பால் சொசைட்டி மாமா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஒன்னும் இல்லம்மா, அதே மூஞ்சியைப் பாத்துப் பாத்து..." என்று சொல்லிவிட்டு மாட்டைத் தண்ணீர் காட்டப் பிடித்துக்கொண்டு போனார். இருப்பதிலேயே நேர்மையான பதில் அதுதான் என்று நான் நோட்டில் குறித்து வைத்தேன்.

நல்லது செய்தால் கேட்குமே என்று நீங்கள் கேட்கலாம். கேட்டது, மூன்று வாரம். மூன்றாம் வருடம் கோடையில் புது போர் போட்டு, மேட்டுத் தெருவுக்கு முதல்முறையாகத் தண்ணீர் ஏறியபோது ஐம்பத்தி ஒரு வீடு திரும்பி வந்தது, நானே போய் எழுதினேன், எழுதும்போது கை கூட வலித்தது. தினமும் தண்ணீர் வர ஆரம்பித்ததும் ஒவ்வொரு வீடாகப் போய்விட்டது. தண்ணீர் வராத வரைக்கும் அது அம்மாவின் வேலை, வந்த பிறகு அது குழாயின் வேலை.

யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான். ஓட்டுப் போட்ட அன்றைக்கு நெடுங்கரம்பையில் முந்நூற்றுப் பதினெட்டு தையல்நாயகி இருந்தார்கள், வீட்டுக்கு ஒருத்தி, ஒவ்வொருத்தியும் அந்த வீட்டுக்கு வேண்டியதை மட்டும் செய்யப் போகிறவள். அம்மா ஒரு குழாயை ஓர் இடத்தில் வைத்தாள், ஒரு வீட்டில் ஒருத்தி பிழைத்தாள், மற்ற வீடுகளில் எல்லாம் ஒவ்வொருத்தி செத்தாள். கடைசியில் ஒரே ஒரு தையல்நாயகிதான் மிச்சம், அவளைத்தான் யாருக்கும் பழக்கம் இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்ற என்று கேட்டாள். 

கேட்காதவர்கள் கூடக் கூட, கிராம சபைக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. முதலில் நோட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், அது எப்போதும் உள்ளது. அம்மா தீர்மானத்தை வாசிப்பாள், நான் திரும்பச் சொல்வேன், பாதிப்பேர் என்னையும் கவனிக்க மாட்டார்கள், அம்மாவின் வாய் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், நின்றதும் எல்லாரும் கையைத் தூக்குவார்கள், தூக்கினால்தானே டீ வரும். கிளார்க் அம்மா கையிலிருந்து தாளை வாங்கி அதில் உள்ளதை நோட்டில் ஏற்றி, 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று எழுதுவார். ஊரில் பாதிக்கு மேல் கேட்காத பிரசிடெண்டின் தீர்மானம் எல்லாம் நூற்றுக்கு நூறு நிறைவேறியது. இன்னொன்றும் உண்டு. யார் மனுக் கொடுத்தாலும், எதிரியே கொடுத்தாலும், என் தீர்மானத்துக்கு முன்னால் அதைத்தான் வாசிப்பேன் என்று அம்மா தேர்தலில் சொல்லியிருந்தாள். அதை விடாமல் செய்தாள். முதல் வருடம் நிறைய மனு வந்தது. பிறகு யாரும் கொடுப்பதில்லை.

நாலாம் வருடம் ஆகஸ்டில் கடிதம் வந்தது. நெடுங்கரம்பையை நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள், ஆட்சேபணை இருந்தால் காந்தி ஜெயந்தி கிராம சபையில் தீர்மானம் போட்டு அனுப்பலாம். சேர்த்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டு வரி ஏறும். நூறு நாள் வேலை கிராமத்துக்கு மட்டும்தான், நகராட்சிக்குக் கிடையாது, அது நின்றுவிடும். எங்கள் ஊரில் இருநூறு பெண்கள் அந்த வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். பூங்காவனம் அத்தையை எடுத்துக்கொள்ளுங்கள், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, சர்க்கரை வியாதி, ஒரு காலில் விரல் இரண்டு எடுத்தாயிற்று. அந்தக் காலை வைத்துக்கொண்டு வெளிவேலைக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். ஏரிக்கரையில் மெதுவாக மண் அள்ளிப் போட்டுக்கொண்டு இருக்கிற வரைக்கும் அத்தைக்கு அரிசியும் மாத்திரையும் உண்டு, அது நின்றால் இரண்டும் இல்லை.

கூடவே அம்மாவின் பதவியும் போகும். அதுதான் வினை. அம்மா வேண்டாம் என்று சொன்னதும் நாற்காலியைக் காப்பாத்திக்கத்தான் அப்படிச் சொல்றா என்று வைஸ் பிரசிடெண்ட் கலியமூர்த்தி ஆரம்பித்தார். பைபாஸ் ஓரத்தில் அவருக்கு நாலு ஏக்கர் இருக்கிறது, நகராட்சி ஆனால் பிளாட் போடலாம். அதுவும் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அம்மா சொல்வது சரியாக இருந்ததே அவளுக்கு எதிராகப் போனது. அந்த மாதம் நோட்டில் ஒன்பது வீடு.

அந்த ஒன்பதில் ஒன்று பூங்காவனம் அத்தை வீடு. செப்டம்பரில் அத்தைக்கு அம்மா ரொம்ப அலைந்து வாங்கிக் கொடுத்த அரசு வீட்டுக்குத் தளம் போட்டார்கள். மறுநாள் காலையில் அத்தை நொண்டிக்கொண்டு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டது.

"எனக்கும் நின்னுபோச்சு பாரதி. ஒங்கம்மா வந்து நின்னு என்னமோ சொல்லுது, வாய்தான் அசையுது. நான் நன்றி கெட்டவ இல்லடி."

"தெரியும் அத்தை."

"ஏன்டி நின்னுச்சு?"

வீடு வந்தாச்சுல்ல அத்தை, இனிமே கேக்க என்ன இருக்கு என்றேன். ஒனக்கு நாக்குல எலும்பே இல்ல என்றது அத்தை. பிறகு, சரி வா, எனக்கு வேல வேணும், வீடு வீடாப் போவோம் என்றது.

போனோம். பிரசிடெண்டுக்காகக் கேட்கவில்லை, நூறு நாள் வேலைக்காகக் கேட்கிறோம் என்று அத்தை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடும், காலைக் காட்டும், பிறகு நான் வரி எவ்வளவு ஏறும் என்று சொல்வேன். பன்னிரண்டு நாள் நடந்தோம். அம்மா குரல் கேட்கிற வீடு ஐந்தாகக் குறைந்தது, ஆனால் நகராட்சி வேண்டாம், கை தூக்குகிறோம் என்று சொன்ன வீடு இருநூற்றுத் தொண்ணூறு. அம்மாவைப் பிடிக்காமலேயே அம்மா சொல்வதை ஊர் ஒத்துக்கொண்டது. அவளுக்கும் அதில் சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன், இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டாள்.

அக்டோபர் ஒன்றாம் தேதி கூட்ட ஏற்பாட்டைப் பார்க்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து பிடிஓ மேடம் வந்தார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்தேன். இந்தப் பொண்ணு யாரு, என்ன படிக்குது என்று மேடம் கேட்டார்கள். அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு மேடம், ஒத்தாசைக்கு வரும். என் பொண்ணு திருச்சியில நர்சிங் படிக்கு"

அங்கேதான் நின்றது. 'படிக்கு' வரைக்கும் கேட்டது, அதற்கு மேல் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. அம்மாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது, மேடம் ஏதோ கேட்டுச் சிரித்தார்கள், அதற்கு அம்மா தலையை ஆட்டி இன்னும் ஏதோ சொன்னாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கோபம் எல்லாம் இல்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா என்று நீங்கள் கேட்பீர்கள். முந்நூறு வீட்டு வாசலில் நின்று இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் ஆட்சேபணைத் தீர்மானத்தை நீட்டி ஏதோ சொன்னாள், நல்ல தாளில் எழுதச் சொல்கிறாள் என்று புரிந்தது, எழுதிக் கொடுத்தேன். எழுதினதில் மனப்பாடமே ஆகிவிட்டது. அதனால் நாளைக்கு ஒரு கஷ்டமும் இல்லை, அவள் வாசிக்கும்போது மனதிலிருந்து சொல்லிக்கொண்டே போகலாம், கூட்டம் முடிந்தபிறகு எப்போதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

காந்தி ஜெயந்தி அன்று எங்கள் ஊர் கிராம சபைக்கு வந்த மாதிரி கூட்டம் அதற்கு முன் வந்ததில்லை. பந்தல் போதாமல் மதில் நிழலில் நின்றார்கள். பூங்காவனம் அத்தை முதல் வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. எல்லாரும் நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். கிளார்க் செல்போனை கூம்பு ஸ்பீக்கருக்கு அடியில் ஒரு ஸ்டூலில் நிறுத்தி வீடியோவைப் போட்டுவிட்டார், இப்போதெல்லாம் கூட்டத்தைப் படம் பிடித்து மேலே அனுப்பவேண்டும். எனக்கு மைக் கிடையாது, நான் எப்போதும் பந்தலின் அந்தக் கோடியில் பெஞ்சில் ஏறி நின்று கத்துவேன். நான் பெஞ்சில் ஏறிக்கொண்டிருந்தபோது கலியமூர்த்தி எழுந்துபோய் அம்மா கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் அவளிடம் பேசுவதற்குக் குனிந்தார் என்றுதான் நினைத்தேன். தாளை அப்போது நான் பார்க்கவில்லை.

அம்மா மைக்கைப் பிடித்தாள். தாளைத் தூக்கிப் பிடித்து வாசித்தாள். ஒரு வரி வாசித்து நிறுத்தினாள், நான் கத்தினேன்: நெடுங்கரம்பை ஊராட்சியை நகராட்சியோடு இணைப்பதை இந்தக் கிராம சபை ஏற்கவில்லை.

அம்மா மைக்கைத் தாழ்த்திவிட்டுச் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். வாய் அசைந்தது. கூட்டத்தைப் பார்த்துப் படபடப்பாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த வரிக்குப் போனேன். நூறு நாள் வேலை நின்றால் இருநூறு குடும்பம் பாதிக்கப்படும் என்று கத்தினேன். அவள் கையை ஆட்டினாள், இன்னும் சத்தமாகச் சொல்லச் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னேன். வீட்டு வரியைச் சொன்னேன். ஆகவே இந்த இணைப்பை எதிர்க்கிறோம், சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள் என்றேன். அம்மாவின் வாய் நின்றுபோயிருந்தது.

எல்லாரும் தூக்கினார்கள். டீக்காகத் தூக்குகிற கை தோளுக்கு மேல் போகாது, இது நேராக நின்றது, அத்தை இரண்டு கையையும் தூக்கியது, மதில் ஓரத்தில் நின்ற ஆம்பளைகள் எல்லாம் தூக்கினார்கள், என் அப்பாவும் தூக்கினார். நாலு வருடத்தில் அந்த ஊர் மனதாரக் கை தூக்கியது அன்றைக்கு ஒருநாள்தான். கலியமூர்த்தியும் தூக்கினார். கிளார்க் வழக்கம்போல அம்மா கையிலிருந்த தாளை வாங்கி, அதில் உள்ளதை நோட்டில் ஏற்றி, ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது என்று எழுதினார்.

அது கலியமூர்த்தியின் மனு. நகராட்சியோடு சேர்க்க வேண்டும் என்று கேட்கிற மனு. யார் மனுக் கொடுத்தாலும் முதலில் வாசிப்பேன் என்று சொன்னபடி அம்மா அதைத்தான் முதலில் எடுத்திருக்கிறாள். நான் எழுதிக் கொடுத்த தாள் அம்மாவின் கைப்பையிலேயே இருந்தது.

அம்மா கூட்டத்துக்குள் புகுந்து என்னிடம் வந்தாள். இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு பேசினாள். கண்ணுக்கு அவ்வளவு பக்கத்தில் அவள் வாயை நான் பார்த்ததே இல்லை, முன்பல் ஒன்றில் சின்னதாக உடைசல் இருக்கிறது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் தலையாட்டினேன். சரிம்மா என்றேன். மூன்று வருடமாகத் தலையாட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகினவள் அவள். என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அவள் திரும்பிப் போய் நோட்டைப் பிடுங்கி அந்தப் பக்கத்தை அடித்து, பிழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குள் வீடியோ மேலே போய்விட்டது. நாலு நாள் கழித்து அம்மா, நான், அத்தை மூன்று பேரும் கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். ஓர் அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பி எங்களுக்குப் போட்டுக் காட்டினார். ஸ்பீக்கருக்கு அடியில் வைத்து எடுத்த படம், நான் பெஞ்சில் நின்று கத்தினது ஒரு சொட்டு கூட அதில் ஏறவில்லை. அதில் அம்மா தாளைப் பிடித்திருந்தாள், வாய் அசைந்தது, அத்தைக்கும் எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு முந்நூறு கை எழுந்தது.

"எவ்ளோ தெளிவா வாசிச்சிருக்கீங்க. மொத்த ஊரும் கை தூக்குது. இப்ப வந்து இல்லைன்னா எப்படிம்மா?" என்றார். நல்ல மனிதர்தான், தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

தவறு என்னுடையது என்று ஊருக்குச் சொன்னேன். நோட்டை எடுத்துக்கொண்டு முந்நூற்றுப் பதினெட்டு வீட்டுக்கும் மறுபடி போய், எனக்குக் கேட்கவில்லை, கேட்கிற மாதிரி சொன்னேன் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். விடு என்றார்கள் நிறையப் பேர். ரெண்டு பக்கமும் வாங்கிட்டா ஒங்கம்மா, அதை மறைக்க ஒன்ன அனுப்புறா என்றார்கள் சில பேர். பூங்காவனம் அத்தை விடவில்லை. தப்பு ஒன்னோடதுதான் என்றது. புது வீட்டின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறேன்டி, நீ அதைத் தெரிஞ்சு வச்சுக்க என்றது. தெரிந்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்பதால் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன்.

ஜனவரியில் பலகையை மாற்றினார்கள். ஆபீசைப் பூட்டி நாற்காலியை நகராட்சி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா பிரசிடெண்ட் இல்லை என்று ஆன மறுவாரம் ரேஷன் வரிசையில் கொஞ்சம் தள்ளுங்க என்று சொல்லியிருக்கிறாள், முன்னால் நின்ற ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் தள்ளியிருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொரு வீடாக வந்தது. யாருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. பால் சொசைட்டி மாமா, "என்ன கொரலு, கணீர்னு. இந்த வார்டு கவுன்சிலர் பேசுறது கேக்கவே மாட்டேங்குது" என்று டீக்கடையில் சொன்னார். தங்கமான மனுசி, அது இருந்தப்ப மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறுச்சு என்று, தண்ணீர் தினமும் வந்ததும் காது அடைத்துக்கொண்ட வீடுகளில் எல்லாம் பேசிக்கொண்டார்கள். அப்பாவுக்கும் கேட்டது. ஒரு காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, என்ன சொன்ன என்று அம்மாவை நேராகப் பார்த்துக் கேட்டார். இப்போது நோட்டு எடுத்துப்போனால் முந்நூற்றுப் பதினேழு வீடு வரும். எங்கள் வீட்டை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாததால் எடுத்துப்போகவில்லை.

அம்மா இப்போது வெங்காயப் பட்டறைக்குப் போகிறாள். சின்ன வெங்காயத்தைக் குவித்துப் போட்டிருப்பார்கள், சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து காம்பறுப்பார்கள். போன மாதத்திலிருந்து நானும் போகிறேன், அவளுக்கு எதிரே எனக்கு இடம். மூன்று வாரம் ஒன்றும் பேசாமல் காம்பறுத்தோம். போன வியாழக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்குக் கேக்கலம்மா. அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள்லேர்ந்தே கேக்கல. இப்பவும் கேக்கல."

அவள் கையில் இருந்த வெங்காயத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். பிறகு பேச ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, வெங்காயம் என்பதால் அதைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது, எல்லார் கண்ணிலும் வந்துகொண்டுதான் இருந்தது. குவியலைச் சுற்றி இருந்தவர்களுக்கு எல்லாம் கேட்டது. ஒருத்தி சிரித்தாள், ஒருத்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவையே பார்த்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தா சித்தி என் காதருகே குனிந்து, ஒங்கம்மா என்ன சொல்லுதுன்னா என்று ஆரம்பித்தது.

"வேணாம் சித்தி" என்றேன். அந்த வேலையை மூன்று வருடம் பார்த்தவள் நான், அதில் எவ்வளவு சர்க்கரை சேரும் என்று எனக்குத் தெரியும்.

மூட்டை பிடிக்க ஆள் வரும்வரைக்கும் அம்மா பேசினாள். நான் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே காம்பறுத்தேன், நடுவில் ஒருமுறை கூட எழுந்திருக்கவில்லை.